முத்திரையில் இருப்பவர் சிவன்தானா?

வணக்கம் அம்மா. குடியாத்தத்தில் படிக்கும் தங்கள் மகளின் பள்ளிக் கட்டுரையில், சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரையில் அமர்ந்திருப்பவர் சிவன் என்றே எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவ்வளவு உறுதியாக எழுத வேண்டாம். யானை, புலி, காண்டாமிருகம், எருமை ஆகியவை சூழ, கொம்புத் தலையணியுடன் காணப்படும் அவ்வுருவத்தைச் சிவனின் முன்வடிவம் என்று 1931இல் வெளியான நூலில் தொல்லியல் அறிஞர் ஜான் மார்ஷல் கருதினார். பிற்கால ஆய்வாளர் சிலர் அதனை ஏற்கவில்லை. மேலே பொறித்துள்ள எழுத்துகளோ இன்றுவரை ஐயமறப் படிக்கப்படவில்லை. இந்தக் கருத்து வேறுபாட்டையே அவள் எழுதட்டும், வளரும் பிள்ளைக்கு அது மிக நல்ல பயிற்சி.

நம் பழைய வடஆர்க்காட்டையும் அவசியம் சேர்க்கச் சொல்லுங்கள். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளி அகழாய்வில் புதிய கற்கால வாழ்விடமும் பின்வந்த இரும்புக் காலத் தடயங்களும் கிடைத்துள்ளன. தமிழகத்தின் பெருங்கற்கால மக்கள், அதாவது புதைகுழிகளில் பெரிய கற்களை அமைத்தவர்கள், இறந்தவரோடு பானைகளையும் இரும்புக் கருவிகளையும் வைத்துப் புதைத்த வழக்கம், மறுமை பற்றிய எண்ணத்துக்கு அந்த முத்திரையைவிடத் தெளிவான சான்று என்றே நான் கருதுகிறேன்.