26 மணி நேரம் பறந்தும் சோலோ இல்லையா?

கேள்வி: பைலட் பயிற்சியில் இருக்கும் என் மகளை 26 மணி நேரம் ஆகியும் சோலோவுக்கு, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறக்க, அனுப்பவில்லை. கூடச் சேர்ந்த பையன் 17 மணி நேரத்திலேயே போய்விட்டான். 'வேறு பள்ளிக்கு மாற்றுங்கள், ஒரே மாதத்தில் சோலோ, கேரண்டி' என்கிறார் சேர்த்துவிட்ட ஏஜென்ட். மாற்றலாமா?
- சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: வேண்டாம். அந்த ஆளுக்கு இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சோலோவுக்கு அனுப்புவது பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிற இன்ஸ்ட்ரக்டர். கமிஷன் வாங்குகிறவர் எதை வைத்து கேரண்டி தருகிறார்? பறந்த நேரத்தைப் பதிகிற லாக்புக்கில், பறக்காத நேரத்தையும் எழுதித் தரும் இடங்கள் உண்டு. 'பார்க்கர் பேனா நேரம்' என்று எங்கள் பைலட் ஆட்கள் கேலி செய்வது அதைத்தான்.

கமர்ஷியல் லைசென்ஸுக்கு எப்படியும் 200 மணி நேரம் பறக்க வேண்டும். முதல் சோலோ 17-ல் வந்தால் என்ன, 30-ல் வந்தால் என்ன?

மகளிடம் இதைக் கேளுங்கள்: "கடைசி ஐந்தாறு லேண்டிங்கில் சார் கை வைத்தாரா, வாய் திறந்தாரா?" கல்லட்டி வளைவுகளில் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்காரர் பிரேக் மிதித்துக்கொண்டே இருக்கும்வரை, ஓட்டுவது யார் என்றே சொல்ல முடியாதே, அந்தக் கதைதான். அடுத்து, இறங்க வரும்போது உயரமோ வேகமோ சரியில்லை என்றால், யாரும் சொல்லாமலே த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடி) முழுக்கத் தள்ளி மறுபடி மேலேறுகிறாளா? பூப்போல இறக்குகிற பிள்ளையைவிட, 'இது சரிப்படாது' என்று மேலேறிவிடுகிற பிள்ளையைத்தான் நான் முதலில் அனுப்புவேன். இன்ஸ்ட்ரக்டர் இறங்கிக்கொண்டதும் செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானம் லேசாகிவிடும். சட்டென்று ஏறும், இறங்கும்போது ரன்வேக்கு மேலே மிதந்துகொண்டே போகும். பொறுமையில்லாமல் மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் இடிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லாக்புக்கில் தேதிகளைப் பாருங்கள். அந்த 26 மணி நேரம் எட்டு மாதத்தில் சிதறிக் கிடக்கிறதா? இரண்டு வாரம் பறக்காமல் போனால், அடுத்த வகுப்பு பழையதைத் தூசி தட்டவே சரியாகிவிடும். உதிரி பாகம் வரவில்லை, இன்ஸ்ட்ரக்டர் வேலையை விட்டுவிட்டார், மழை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள், ஃபீஸை மட்டும் முன்கூட்டியே கறந்துவிடுவார்கள். கேட்க நாதியில்லை. தேதிகள் அப்படிச் சிதறியிருந்தால் குறை உங்கள் பிள்ளையிடம் இல்லை. வாரத்தில் எத்தனை நாள் பறக்க வைப்பீர்கள் என்று தலைமை இன்ஸ்ட்ரக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் மாற்றுங்கள், ஏஜென்ட் இல்லாமல். லாக்புக்கில் இதுவரை பறந்ததற்கெல்லாம் கையெழுத்து வாங்கிய பிறகே பள்ளியை விட்டு வெளியே வாருங்கள்.