கோணல் வாய் முகமூடி: தூக்கிப் போட வேண்டாம்

கின்ஷாசாவிலிருந்து அண்ணன் வாங்கி வந்த முகமூடியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை, வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, அம்மா பேய் என்று பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது காங்கோவின் பெண்டே மக்களுடைய 'ம்பாங்கு'.

அது பேயே இல்லை. சூனியத்தால் நோயில் விழுந்த மனிதனின் முகம். நம்மூரில் முகவாதம் வந்தவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே கோணல்தான். இந்த முகமூடியை அணிந்து ஆடுபவர் முதுகில் கூன் கட்டிக்கொண்டு, அதில் ஒரு அம்பு செருகி, தடியூன்றித் தள்ளாடி வருவார். அம்பு, சூனியக்காரன் எய்தது. நோயாளியைக் கேலி செய்யாதே, நாளை உனக்கும் வரலாம் என்பதுதான் அந்த ஆட்டத்தின் பேச்சு. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், பயம் போய்ப் பாவமாக இருக்கும்.

பெண்டேகளிடம் இது மாதிரி நிறைய வேஷங்கள் உண்டு. நீண்ட தாடி வைத்த 'கிவோயோ' எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பழசா என்று கேட்டீர்கள். பின்புறம் பாருங்கள். அணிந்து ஆடியதென்றால் நெற்றி, மூக்கு படும் இடங்கள் வியர்வையில் கறுத்து வழவழப்பாக இருக்கும். நார்த் தலையுறை கட்ட விளிம்பில் துளைகள் தேய்ந்திருக்கும். உள்ளே மரம் புதிதாகத் தெரிந்தால் விற்பனைக்குச் செதுக்கியதுதான். சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலும் அதுதான்.