வாசிப்பு மையத்துக்கு மாணவர்கள் கிடைக்க

உங்கள் வாசிப்பு மையத்தில் உதவ மாணவர்களை அனுப்பச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி இரண்டு மாதமாகியும் பதில் இல்லை என்கிறீர்கள். பொது முகவரிக்குப் போகும் கடிதம் பெரும்பாலும் அங்கேயே தூங்கும். சமூகப்பணித் துறையில் களப்பணியைக் கவனிக்கும் ஆசிரியரை நேரில் பாருங்கள். அந்த மாணவர்களுக்குக் களப்பணி பாடத்தின் ஒரு பகுதி, மதிப்பெண் உண்டு. சட்டென்று பாதியில் நிற்க மாட்டார்கள். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவாகும் நேரம் அதுதான். எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை, உங்கள் பக்கம் மேற்பார்வை யார் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வெறுமனே ‘உதவி வேண்டும்’ என்றால், புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பும் ஒருநாள் முகாம்தான் மிஞ்சும்! அப்புறம், தேர்வு வாரங்களில் யாரும் வரமாட்டார்கள். அதற்கு உங்கள் ஆட்களையே வைத்துக்கொள்ளுங்கள்.