காட்டுக்குள்ள டிஸ்க் கோல்ஃப்: முதல் தடவை போறவங்களுக்கு

தம்பி, கூட வேலை பார்க்கிறவங்க வார இறுதியில காட்டுக்குள்ள இருக்கிற டிஸ்க் கோல்ஃப் கோர்ஸுக்குக் கூப்பிடறாங்க, புல்வெளியில எறிஞ்சு பார்த்ததோட சரி, எந்த டிஸ்க் வாங்கறது, மரங்களுக்கு நடுவுல எப்படி ஆடறதுன்னு கேட்டிருந்தீங்க. தட்டு மாதிரி இருக்கிற டிஸ்கை எறிஞ்சு, கம்பத்துல இருக்கிற கூடையில, அதாவது பாஸ்கெட்ல, முடிஞ்ச அளவு குறைஞ்ச எறியில விழ வைக்கிறதுதான் ஆட்டம்.

தூரமா எறியறதுக்கான வேகமான டிஸ்க், அதாவது டிரைவர், வாங்காதீங்க. டிஸ்க் மேல பெரும்பாலும் நாலு எண் போட்டிருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம், கடைசியில சாயறது. வேகம் 9, 12ன்னு போட்டதெல்லாம் அந்த வேகத்துக்குக் கை வீசறவங்களுக்கு. நாம எறிஞ்சா, வலது கை பேக்ஹேண்ட்ல (புறங்கை முன்னால வர மாதிரி, உடம்புக்குக் குறுக்கே இழுத்து எறியறது), பாதி தூரம்கூடப் போகாம இடப்பக்கம் சாஞ்சிடும். புல்வெளியில அது பெரிய விஷயமில்லை, நடந்து போய் எடுத்துக்கலாம். காட்டுல அதுக்குள்ள நாலு மரம் குறுக்கே நிக்கும். வேகம் 2 அல்லது 3ல ஒரு பட்டர் (கிட்டத்துலேர்ந்து போட), 4 அல்லது 5ல ஒரு மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கு), இது போதும். மிட்ரேஞ்ச்ல கடைசி ரெண்டு எண்ணும் 0, -1, 1ங்கிற அளவுல இருந்தா ஓரளவு நேரா போகும். அதுக்குக் கெட்டியான பிளாஸ்டிக்கா பாருங்க. மலிவு பிளாஸ்டிக் மரத்துல மோதி மோதி விளிம்பு நசுங்கி, வலப்பக்கம் திரும்ப ஆரம்பிச்சிடும். நிறம் பளிச்சுனு பிங்க். பச்சையும் பழுப்பும் கண்ணுலயே படாது. இலையுதிர் காலத்துல சிவப்பு, மஞ்சளும் அப்படித்தான்.

டீயில, அதாவது முதல் எறி எறியற இடத்துல, நின்னதும் எல்லாரும் பாஸ்கெட்டைத் தேடுவாங்க. நீங்க இடைவெளியைத் தேடுங்க. அதுக்கு நடுவுல, தூரத்துல, ஒரு கிளையோ தண்டோ குறி வெச்சுக்கங்க. ஓடி வந்து எறிய வேண்டாம். நின்ன இடத்துலேர்ந்து முக்கால் பலம் போதும். நெஞ்சு உயரத்துல நேர்கோடா இழுத்து விடுங்க, டிஸ்கோட முன்விளிம்பு மேல தூக்காம பார்த்துக்கங்க. தூக்கினா டிஸ்க் ஏறி, வேகம் செத்து, கிளையில இடிச்சு விழும். எந்தப் பக்கத்து மரத்துல மோதுதுன்னு கவனிச்சாலே தப்பு புரிஞ்சிடும்: வலது கை பேக்ஹேண்ட்ல சீக்கிரம் விட்டா இடது, லேட்டா விட்டா வலது.

மோதின டிஸ்க் கேரம் காய் மாதிரி எங்கேயாவது தெறிக்கும். அப்புறம் செய்யறதுலதான் ஸ்கோர் கெடும். பாஸ்கெட் அதோ தெரியுதேன்னு ரெண்டு தண்டுக்கு நடுவுல ஒரு சாண் சந்துல விட்டா, இன்னும் உள்ள போய் மாட்டும். பக்கவாட்டுல ஃபேர்வேக்கு, அதாவது மரமில்லாத ஆடற வழிக்கு, ஒரு சின்ன எறி, அவ்வளவுதான். அதுக்கு ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால வர மாதிரி எறியறது) கொஞ்சம் பழகிக்கங்க. மண்டி போட்டு தாழ்வா எறியவும் பழகுங்க. விதி உங்களுக்குச் சாதகமாவே இருக்கு: டிஸ்க் கிடந்த இடத்துக்குப் பின்னால 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமான கட்டத்துல ஒரு கால் இருந்தா போதும். இன்னொரு காலை, பாஸ்கெட்டுக்குக் கிட்ட போகாத வரைக்கும், பக்கத்துல எவ்வளவு வேணும்னாலும் நீட்டி வெச்சுக்கலாம். உயிருள்ள கிளையை ஒடிக்கவோ, வளைச்சுப் பிடிக்கவோ கூடாது. கால் வைக்கிற இடத்துல உதிர்ந்து கிடக்கிற சுள்ளியைத் தள்ளிடலாம்.

10 மீட்டருக்குள்ளேர்ந்து பாஸ்கெட்டுக்கு எறிஞ்சா, நிலையா நின்னு காட்டிட்டுத்தான் முன்னால காலெடுத்து வைக்கணும்.

டிஸ்க் நிக்கற வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க, கடைசியா பட்ட மரத்தை நினைவுல வெச்சுக்கங்க. தேட 3 நிமிஷம்தான். கிடைக்கலைன்னா ஒரு எறி அபராதம், முன்னால எறிஞ்ச இடத்துலேர்ந்தே திரும்ப எறியணும். மரத்து மேல சிக்கினா அதுக்கு நேர் கீழேர்ந்து ஆடலாம். சில போட்டிகள்ல மட்டும் 2 மீட்டருக்கு மேல இருந்தா அபராதம்னு அறிவிப்பாங்க. அதைத் தட்டி விழ வைக்க இன்னொரு டிஸ்கை எறியாதீங்க, அதுவும் மேலயே தங்கிடும். டிஸ்கோட அடிப்பக்கத்துல ஃபோன் நம்பர் எழுதி வெச்சா, எடுத்தவங்க கூப்பிட வாய்ப்பு உண்டு.

வளைவுக்கு அப்பால ஆள் இருக்கான்னு தெரியாம எறியவே கூடாது. ஒருத்தரை முன்னால அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்க. டிஸ்க் ஆள் பக்கம் போனா "ஃபோர்"னு கத்தணும். அந்தச் சத்தம் உங்க காதுல விழுந்தா நிமிர்ந்து பார்க்காம தலையைக் கையால மூடிக் குனிங்க.

உண்ணி இருக்கிற காடுன்னா நீளமான பேண்ட்டை சாக்ஸுக்குள்ள செருகிக்கங்க. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை இடமெல்லாம் பாருங்க. கடிச்சு ஒட்டியிருந்தா கூர்நுனி இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க. எண்ணெயோ நெருப்போ வைக்காதீங்க.