கட்டடக் கேள்வி – பதில்: தொய்யும் கம்பியும் தாங்கும் முனையும்

கேள்வி: ஐயா, தோல் இருப்பு வைக்கும் எங்கள் இரும்பு ஷெட்டில், தூண்களுக்கிடையே பெருக்கல் குறி போல் குறுக்காகப் போட்ட இரண்டு 16 மி.மீ. பிரேசிங் கம்பிகளில் (ஷெட் சாயாமல் பிடிக்கும் கம்பிகள்) ஒன்று பலத்த காற்றில் தொய்ந்து ஆடுகிறது. டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) இன்னும் முறுக்கலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: காற்றடிக்கும்போது ஒரு கம்பி தொய்வது பழுதன்று. மெலிந்த கம்பி இழுவிசையைத்தான் தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும் என்பதால், காற்று தள்ளும் திசைக்கேற்ப ஒன்று இழுபட்டு உழைக்க, மற்றது சும்மா இருக்கும். காற்றில்லாதபோதும் இரண்டும் தொங்கினால் மட்டும், தூண் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துக்கொண்டே, இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். வீணைத் தந்தியைப் போல் இறுக்கினால், காற்று வருமுன்பே தூண்கள் அந்த இழுப்பைச் சுமக்க நேரிடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் கம்பியின் முனை. 16 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ.; மரை வெட்டிய இடத்திலோ கணக்கில் கொள்ளத்தக்கது 157 மட்டுமே. கம்பி தூணைத் துளைத்துச் சாய்வாக வெளிவருகிறதென்றால், நட்டுக்கு அடியில் ஆப்பு வடிவச் சாய்வு வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டை வாஷராக இருந்தால் நட்டு ஒரு விளிம்பில் மட்டும் அமர்ந்து, மரைப் பகுதியை வளைக்கும். இணைப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால், கம்பி, தூண், உத்தரம் மூன்றின் மையக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தகட்டை ஒட்டிவிடுவது சர்வசாதாரணம்; அப்போது கம்பியின் இழுப்பு தூணை நடுவில் வளைக்கத் தொடங்கும். அத்தகைய தகடு இருந்தால், முறுக்குவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நிழல்வலை தொங்கவிட, 10 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கம்பங்களுக்கிடையே இரும்பு வடத்தைத் தொய்வே இல்லாமல் கட்ட முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முடியாது. மீட்டருக்கு 10 கிலோ சுமை என்று வைத்துக்கொண்டால், நடுவில் 50 செ.மீ. தொய்வு விடும்போது கம்பத்தின் மேல் கிடைமட்ட இழுப்பு ஏறத்தாழ 250 கிலோ. தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் அதுவே 1,250 கிலோ. ஆகவே தாராளமாகத் தொய்வு விட்டு, கம்பத்தின் வெளிப்பக்கம் இழுகம்பி கட்டுங்கள். வட முனையை மடக்கிப் பூட்டக் குறைந்தது மூன்று கிளிப்புகள் வேண்டும். கிளிப்பின் வளைந்த போல்ட்டு வெட்டிவிட்ட குட்டை முனையின் மேலும், சேணம் போன்ற அடிப்பாகம் சுமை தாங்கும் வடத்தின் மேலும் அமர வேண்டும். சுமை ஏறியதும் வடம் சற்று மெலியும் என்பதால், வலையைத் தொங்கவிட்டபின் நட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள்.