குட்டி இளவரசனை 40,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

கேள்வி: சிறுவர் நூல்களின் முதற்பதிப்புகளையும் ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதிகளையும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான பழைய புத்தகக்காரர் ஒருவர், ‘குட்டி இளவரசன்’ பிரெஞ்சு மூலத்தின் முதற்பதிப்பை வைத்திருக்கிறார். பாரிஸில் காலிமார் பதிப்பகம் வெளியிட்டது. முதல் பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்தும் இருக்கிறது. 40,000 ரூபாய் கேட்கிறார். நல்ல முதலீடுதானா? இப்படி மதிப்புள்ள சிறுவர் நூல் தமிழில் ஒன்றுகூட இல்லையே என்று வருத்தமாகவும் இருக்கிறது. இதுவரை வாங்கியவற்றை லேமினேட் செய்து, 8 வயது மகளின் கை படாமல் பூட்டி வைத்திருக்கிறேன். சரிதானே?
— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள்.

அந்த நூலை எழுதிய செந்த்-எக்சுபெரி, 1944 ஜூலை 31 அன்று கோர்சிகா தீவிலிருந்து உளவு விமானத்தில் புறப்பட்டார், திரும்பவே இல்லை. காலிமார் பதிப்பு பிரான்ஸில் கடைக்கு வந்ததோ 1946-ல். தான் கண்ணால் பார்க்காத ஒரு பதிப்பில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்? நூலின் உண்மையான முதற்பதிப்பு 1943-ல் நியூயார்க்கில் வந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வெளியிட்டார்கள். எண்ணிட்டு, ஆசிரியர் கையெழுத்துடன் ஆங்கிலத்தில் 525 பிரதிகளும் பிரெஞ்சில் 260 பிரதிகளும் தனியாக அச்சிட்டார்கள்.

வியாபாரி உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரி வீடுகளிலிருந்து வெளியே வரும் பிரெஞ்சுப் புத்தகங்களின் முதல் பக்கத்தில், ஒரு காலத்தில் அதை வைத்திருந்தவரின் பெயர் கூட்டெழுத்தில் இருப்பது சாதாரணம். அதை அவரும் ஆசிரியர் கையெழுத்து என்று நம்பியிருக்கலாம். இன்னொன்றும் பாருங்கள். காப்புரிமை ஆண்டு மறுஅச்சிலும் அப்படியேதான் இருக்கும். அதை வைத்து முதற்பதிப்பு என்று முடிவுகட்டக் கூடாது. பிரெஞ்சு நூல்களில் அச்சாகி முடிந்த தேதியைப் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

முதற்பதிப்பை உலகம் ஏன் தேடுகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஆலிஸின் அற்புத உலகம் 1865-ல் சுமார் 2,000 பிரதிகள் அச்சானது. படங்கள் சரியாக அச்சாகவில்லை என்று ஓவியர் டென்னியல் குறைப்பட்டதும், லூயிஸ் கரோல் அந்த அச்சையே திரும்பப் பெற்றுவிட்டார். இன்று மிஞ்சியிருப்பவை சுமார் இரண்டு டஜன்தான். பீட்டர் முயல் கதையைப் பதிப்பகங்கள் ஏற்க மறுத்தபோது, பியாட்ரிக்ஸ் பாட்டர் 1901-ல் தன் சொந்தச் செலவில் 250 பிரதிகள் போட்டார். முகப்புப் படம் மட்டும் வண்ணம், உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. நாம் அறிந்த வண்ணப் பதிப்பு மறு ஆண்டுதான் வந்தது. ஹாரி பாட்டர் முதல் நூலின் 1997 கெட்டி அட்டைப் பதிப்பு 500 பிரதிகள். அவற்றில் 300 அளவுக்கு நூலகங்களுக்குப் போய்விட்டன. 53-ஆம் பக்கத்தில், பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை வரும், பிறகு திருத்திவிட்டார்கள். ஒரு நூல் முதன்முதலில் எந்தக் கோலத்தில் வாசகர் கைக்கு வந்தது என்பதற்கு அந்தப் பிரதியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. விலை அதனால்தான் ஏறுகிறது. நீங்கள் விலையை மட்டும் பார்க்கிறீர்கள். அதனால்தான் ஒரு கையெழுத்தைக் கண்டதும் தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை.

தமிழில் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944-ல் வந்தது. அம்புலிமாமாவின் முதல் இதழ் 1947 ஜூலை. இரும்புக்கை மாயாவியோடு 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களுக்கு அட்டை விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த வண்ணப் படக் கதைகளைப் பாருங்கள்: சோவியத் நாடே போன பிறகு அந்தத் தாளிலும் அந்த அச்சிலும் அவை திரும்ப வரப்போவதில்லை. அப்புறம், நீங்கள் தேடி அலையும் அதே குட்டி இளவரசன்! பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் மொழிபெயர்த்து 1981-ல் க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. மதனகல்யாணி புதுச்சேரியைச் சேர்ந்தவர். கடலூர்க்காரர் ஒருவர் தேட வேண்டிய முதற்பதிப்பு அதுதான்.

இவற்றில் முழுப் பிரதி கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் படித்தே கிழித்த புத்தகங்கள் இவை. மிஞ்சியதை நூலகங்கள் பைண்டிங்குக்கு அனுப்பி, மேலட்டையைக் கழற்றி, ஓரத்தை வெட்டிவிட்டன. அட்டை ஓவியம் போனால் ஓவியர் பெயரும் பல சமயம் கூடவே போய்விடும். கோட்டையூரில் விளம்பரப் பலகை வரைந்து பிழைத்த ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், பெரியவர்கள் ஒதுக்கிய அச்சுத்தாள்களையும் விடாமல் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் இருப்பது அதனால்தான்.

தமிழ் முதற்பதிப்பு வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. பதிப்பு விவரப் பக்கத்தில் ‘முதற்பதிப்பு’ என்று இருந்தால் மட்டும் போதாது. வேறொரு பதிப்பகம் பழைய நூலைப் புதிதாகப் போடும்போது, தன் கணக்கில் அதை முதற்பதிப்பு என்றே போட்டுக்கொள்ளும். அரசு நாட்டுடைமையாக்கி, யாரும் வெளியிடலாம் என்றான நூல்களில் இது மிக அதிகம். பாரதிதாசன் மறைந்தது 1964-ல். அவருடைய சிறுவர் பாடல்கள் 1990-களில் அச்சான புத்தகத்திலும் ‘முதற்பதிப்பு’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ஆண்டு, அச்சகம், விலை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கையெழுத்திலும் நிதானம் வேண்டும். அச்சிலேயே வந்த கையெழுத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகவோ, எங்கும் ஒரே அழுத்தத்திலோ தெரியும். பேனா மை தாளின் நாரில் இறங்கியிருக்கும். பழைய சிறுவர் நூல்கள் பல, பள்ளி ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுத்தவை. அதில் இருப்பது தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும். அப்படிப்பட்ட பிரதியை ஒதுக்காதீர்கள். எந்தத் தேதிக்குள் அந்த நூல் எந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதை அந்த முத்திரை சொல்லும். ஒரு குழந்தையின் பெயரைப் போட்டு ‘அன்புடன்’ என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்த பிரதி கிடைத்தால், வெறும் கையெழுத்தைவிட அதையே நான் எடுப்பேன்.

லேமினேஷனை உடனே நிறுத்துங்கள். சூட்டிலும் பசையிலும் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க முடியாது, செய்தது செய்ததுதான். செல்லோ டேப்பும் அப்படித்தான், சில ஆண்டுகளில் பழுப்புக் கறையை விட்டுவிடும். அட்டையைக் காக்க, ஒட்டாத தெளிவான பாலியெஸ்டர் உறை போதும். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் உங்களுடையது; கீழ்த்தட்டில் ஒரு புத்தகமும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். கடற்காற்று ஈரத்தில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் பூட்டிய பெட்டிக்குள்தான் வளரும். மாதம் ஒருமுறை வெயில் நேரடியாகப் படாத இடத்தில் எடுத்துப் பக்கம் புரட்டுங்கள்.

அந்தப் புரட்டும் வேலையை உங்கள் மகளோடு சேர்ந்து செய்யுங்கள். படிக்க, கிறுக்க, பள்ளிக்கு எடுத்துப்போக இப்போது கிடைக்கும் மறுபதிப்பை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பழைய பிரதியை மேசையில் வைத்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவளே புரட்டட்டும். கையுறை தேவையில்லை, துணி உறை போட்ட விரலுக்குத் தாளின் நுனி தெரியாமல் கிழியத்தான் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே வாங்கியவற்றில் வேறொரு பிள்ளை பென்சிலில் பெயர் எழுதியிருந்தால் அதை ரப்பரால் அழிக்க வேண்டாம்.