பட்டியலைச் சுருக்குங்கள், மேசையில் உட்காருங்கள்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் சமையல் முழுக்க என் மனைவிதான். வரும் சனிக்கிழமை இரவு சொல்லாமல் கொள்ளாமல் நானே சமைத்து, இருவர் மட்டும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்று ஆசை. சூப், ஸ்டார்ட்டர், பாஸ்தா, வறுத்த சிக்கன், கேக் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். குறிப்புகள் எல்லாம் நான்கு பேருக்கானவை. அளவை அப்படியே பாதியாக்கினால் போதுமா? மெழுகுவர்த்தி வைத்தால் அதிகப்படியாகத் தெரியுமா?
- ஒரு வாசகர்

பதில்: ஆசையில் குறையில்லை, பட்டியலில்தான் குறை. இத்தனையும் செய்தால் நீங்கள் அடுப்படிக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டுதான் இருப்பீர்கள். சூப்பைக் குடித்து முடிக்குமுன் சிக்கனைத் திருப்பிப் போட எழுந்து போவீர்கள், அதற்குள் பாஸ்தா குழைந்துவிடும். உங்கள் மனைவி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார், இல்லையென்றால் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து கரண்டியைப் பிடிப்பார். பரிமாறுவதற்குச் சற்று முன்பு அடுப்பில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்றதெல்லாம் மதியமே முடிந்திருக்க வேண்டும், அல்லது சமைக்கவே தேவையில்லாததாக இருக்க வேண்டும்.

அப்புறம், அந்த 'சொல்லாமல் கொள்ளாமல்' வேண்டவே வேண்டாம். தினமும் சமைப்பவருக்குக் கை வேலையைவிட 'இன்றைக்கு என்ன செய்வது' என்ற யோசனைதான் பெரிய பாரம். நீங்கள் ரகசியம் காத்தால் அவர் சனிக்கிழமை முழுக்க அதை யோசித்து, பாதி வேலையைத் தொடங்கியும் இருப்பார். காலையிலேயே சொல்லிவிடுங்கள், இன்று இரவுச் சாப்பாடு என் பொறுப்பு என்று. என்ன சமைக்கிறீர்கள் என்பதை வேண்டுமானால் மறைத்து வையுங்கள். உப்பு எங்கே, வடிதட்டு எங்கே என்று அன்று மாலை அவரிடம் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்தாவை மட்டும் வைத்துக்கொண்டு சூப், ஸ்டார்ட்டர், சிக்கன் மூன்றையும் அடித்துவிடுங்கள். இருவருக்கு 200 கிராம் உலர்ந்த ஸ்பகெட்டி தாராளம். 2 லிட்டர் தண்ணீர், அதில் சுமார் 20 கிராம் உப்பு. தண்ணீர் கொதித்ததும் ஸ்பகெட்டியைப் போட்டுவிட்டு, பக்கத்து அடுப்பில் அகலமான வாணலியில் நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மெல்லியதாகச் சீவிய நான்கு பல் பூண்டைச் சிறு தீயில் விடுங்கள். இங்கே மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். பூண்டின் ஓரம் லேசாகப் பொன்னிறமாகத் தொடங்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், எண்ணெயின் சூட்டிலேயே மீதி நிறம் வந்துவிடும். பழுப்பாகும்வரை விட்டால் கசப்பு முழு உணவிலும் ஏறிவிடும். அணைத்த பிறகு மிளகாய்த் துணுக்குகளைத் தூவுங்கள்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஸ்பகெட்டியை எடுத்து வாணலியில் போட்டு, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றி, மறுபடி தீயை ஏற்றி நன்றாகப் புரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் மாவுச்சத்து இருப்பதால் எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ந்து, ஒவ்வோர் இழையிலும் பளபளவென்று ஒட்டும். இறுகினால் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். அதனால் வேகவைத்த தண்ணீரை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். கூடவே தக்காளியும் கீரை வகை இலைகளும் கலந்த ஒரு சாலட் போதும். நறுக்கி வைத்துவிட்டு, உப்பும் எலுமிச்சைச் சாறும் சாப்பிடும் நேரத்தில் சேருங்கள், முன்பே சேர்த்தால் தண்ணீர் விட்டுவிடும்.

பாதியாக்கும் கேள்விக்கு வருகிறேன். பொருள்களின் எடையைப் பாதியாக்கலாம். நேரத்தை அப்படிப் பாதியாக்கக் கூடாது. பாஸ்தா 100 கிராமானாலும் 400 கிராமானாலும் வேகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கன் துண்டு வேகும் நேரத்தைப் பெரும்பாலும் அதன் தடிமன்தான் முடிவு செய்யும். பாதி அளவு சாஸை அதே பெரிய வாணலியில் வைத்தால் சீக்கிரம் வற்றிப் பிடித்துவிடும், சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அரை முட்டை என்று வந்தால், ஒரு முட்டையை அடித்துப் பாதியை எடுத்துக்கொள்ளலாம். கேக் தட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 20 செ.மீ. வட்டத் தட்டுக்கான கலவையில் பாதி என்றால் 14 செ.மீ. தட்டு வேண்டும், 10 செ.மீ. தட்டில் கால் பங்குதான் கொள்ளும்.

ஆனால் கேக்கே வேண்டாம் என்பேன். மதியம் 60 கிராம் க்ரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய 60 கிராம் டார்க் சாக்லெட்டின் மேல் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் அப்படியே விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கலக்கி, இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது வெளியே எடுத்து வைத்தால், சாப்பிட்டு முடிக்கையில் ஸ்பூன் இறங்கும் பதத்தில் இருக்கும்.

கோபித்துக்கொள்ளாமல் இன்னொன்றையும் கேளுங்கள். ஆறு ஆண்டுகளாக ஒருவரே சமைக்கும் வீட்டில், ஒரு சனிக்கிழமை இரவு சின்ன ஆறுதல்தான். பாத்திரத் தொட்டியை அன்றிரவே நீங்கள் காலி செய்யாவிட்டால் அந்த ஆறுதலும் மறுநாள் காலையில் போய்விடும். இந்த ஸ்பகெட்டிக்குத் தயாரிப்பு உட்பட அரை மணி நேரம் போதும், எந்த வாரநாளிலும் செய்யலாம். சாப்பிடும்போதே பேசுங்கள், வாரத்தில் எந்த இரண்டு நாள் சமையல் உங்களுடையது என்று.

மெழுகுவர்த்தி அதிகப்படியெல்லாம் இல்லை, தாராளமாக வையுங்கள். வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பூண்டு மணமும் அதுவும் சேர்ந்து தலைவலிதான் வரும். உயரமும் குறைவாக இருக்கட்டும், எதிரில் இருப்பவரின் முகத்தைச் சுடர் மறைக்கக் கூடாது. கைபேசிகள் இரண்டும் வேறு அறையில் இருக்கட்டும்.